மேற்கு ஜன்னலுக்கு விற்ற கருந்திரை

ஜன்னல் திரைக் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்த்தவளை ஊரே ஜன்னலக்கா என்றுதான் கூப்பிட்டது. சம்பளக் கவரில் முதலாளிகூட அப்படித்தான் எழுதுவார்.

அளவு நாடாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவாள். போன உடனே அளந்துவிட மாட்டாள். ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது, எத்தனை மணிக்கு வெயில் ஏறுகிறது, பக்கத்தில் கட்டில் கிடக்கிறதா என்றெல்லாம் விசாரிப்பாள். வெயிலே எட்டிப் பார்க்காத ஜன்னலுக்கு விலை கூடிய திரை கேட்டவர்களை, காசு என்ன மரத்திலா காய்க்கிறது என்று கடிந்துகொள்வாள். மேற்கு ஜன்னல் என்றால் வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கிற திரை, இல்லாவிட்டால் தேன்கூடு போல அறை அறையாகக் காற்றை அடைத்து வைத்திருக்கிற திரை. அதுவும் சட்டத்தை ஒட்டித் தொங்க வேண்டும், பக்கவாட்டில் விரல் நுழையக் கூடாது. குளிர்காலத்தில் பொழுது சாய்வதற்குள் இறக்கிவிட்டால் வீட்டுச் சூடு வீட்டிலேயே தங்கும். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வியாபாரம் போனாலும் பொய் சொல்ல மாட்டாள் என்று பேரெடுத்திருந்தாள். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருடம் ஏதோ ஹோட்டல்காரர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய கரும்பழுப்புத் துணி, ஆறு சுருள், கடையின் பின்னறையில் கிடந்தது. முதலாளி வரும்போதும் அதில் இடறுவார், போகும்போதும் இடறுவார். யார் தலையிலாவது இதைக் கட்டிவிட வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். யார் தலையில் என்று சொல்லவில்லை. புதிதாகத் திறக்கப்போகும் கிளையை நன்றாக விற்பவர் கையில் கொடுப்பார் என்றும் கடைக்குள் பேச்சு அடிபட்டது.

அந்த வாரம்தான் தையல்காரர் வந்தார். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவர். மனைவி பக்கவாதம் வந்து ஒரு வருடமாகப் படுத்த படுக்கை. படுத்திருப்பது மேற்கு பார்த்த அறை. மதியத்திலிருந்து ஏசி ஓடினாலும் அறை குளிர்வதில்லை, கரண்டு பில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றார். அவர் இவளை அக்கா என்றார், இவள் அவரை அண்ணே என்றாள். யார் மூத்தவர் என்கிற வம்பை இருவருமே கிளறவில்லை.

"எனக்குத் துணி தெரியும், வெயில் தெரியாது. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே போடுங்கக்கா," என்றார்.

அவள் பின்னறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்ல கனமான துணி ஒண்ணு இருக்குண்ணே. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள வராது."

சொன்னதில் பொய் இல்லை. வெளிச்சம் வராதுதான். சூட்டைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. கறுத்த துணி உள்ளே தொங்கினால் வெயிலைக் குடித்துக் குடித்து அறைக்குள்ளேயே கக்கும் என்று எத்தனையோ பேரை அவளே எச்சரித்திருக்கிறாள். அன்றைக்கு நாக்கு எழவில்லை. தையல்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். குறை சொல்ல வரவில்லை. புது வீடு கட்டிய தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இந்தக்கா சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று தங்கையிடம் சொன்னார். கடைசியில்தான், தயங்கித் தயங்கி, அறை இன்னும் புழுங்குகிறது என்றார். திரையை நாங்கள்தான் தப்பாகப் பயன்படுத்துகிறோம் போலிருக்கிறது, ஒருமுறை வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஜன்னலக்காவுக்குத் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குப் போனாள். அறைக்குள் கால் வைத்ததும் முகத்தில் அனல் அடித்தது. மனைவியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். முதுகெல்லாம் வேர்க்குரு. அடிக்கடி துடைத்துவிட வசதியாகத் தையல் மெஷினைக் கட்டிலருகே இழுத்துப் போட்டிருந்தார். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் தையல் சாக்கட்டியால் ஏதோ வரிசையாக எழுதியிருந்தது. என்னவென்று கேட்டாள். எட்டு மணிக்கு இறக்கினால் எப்படி இருக்கிறது, பத்துக்கு இறக்கினால் எப்படி, பாதி இறக்கினால் எப்படி என்று நாள்தோறும் குறித்துவைத்ததாம். இரண்டு மாதமாக அந்த மனிதர் தன் தப்பைத் தேடியிருக்கிறார்.

ஜன்னலக்காவுக்குக் கூசிப்போயிற்று.

"தப்பு உங்க மேல இல்லண்ணே. இந்தத் துணி இந்த ஜன்னலுக்கு ஆகாது. சூட்டை இழுத்து உள்ள விடும்."

கட்டிலிலிருந்து மனைவி பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத்தான் அவளால் பேச முடியும். "தெரிஞ்சா... குடுத்த?"

"தெரியும்."

மெஷின் மேல் இருந்த துணியைத் தையல்காரர் எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு, நீங்கள் என்ன செய்வீர்கள், முதலாளி சொன்னால் கேட்டுத்தானே ஆகவேண்டும் என்றார். அவளும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

இரண்டு மாடி இறங்கியவளுக்கு அதற்கு மேல் கால் எழவில்லை. செய்தது ஒரு தப்பு, இப்போது அதைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைத்துவிட்டு வருகிறோமே என்று இருந்தது. திரும்பி ஏறிப் போய் வாசலிலேயே நின்றாள்.

"முதலாளி உங்க வீட்டுக்குன்னு சொல்லலண்ணே. நீங்க எதுத்து ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்கன்னு தோணுச்சு. அதான் நானா பாத்து உங்க கிட்ட தள்ளிட்டேன்."

அவர் மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தாலாவது தேவலை என்று அவள் நின்றாள். மனைவிதான் கடைசியில் பேசினாள்.

"மாத்து," என்றாள்.

விற்றதைத் திரும்ப எடுக்கிற வழக்கம் கடையில் இல்லை. முதலாளியோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்று, தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வெள்ளைத் தேன்கூடுத் திரையை வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை தானே போய் மாட்டினாள். சட்டத்தை ஒட்டி இடைவெளி இல்லாமல் இறக்கிப் பார்த்தாள். வெயில் நேரே விழுவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். தையல்காரர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "சரிங்க மேடம்," என்றார். அந்த மேடம் அவளை அறைந்தது போல் இருந்தது.

மிச்சமிருந்த ஐந்து சுருளும் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் போயிற்று. அங்கே வெயில் படுகிற ஜன்னலே கிடையாது, இருட்டுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஒரே ஒரு போன் பேச்சில் முடிந்த காரியம். இதை இரண்டு மாதம் முன்பே செய்திருக்கலாமே என்று நினைத்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தங்கை வேறு கடையில் வாங்கிக்கொண்டாள். தையல்காரர் போன் செய்து, இப்போதெல்லாம் ஐந்து மணிக்கு மேல்தான் ஏசி போடுகிறோம் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. கடை ஆட்களை எல்லாம் கூட்டி நிறுத்தி, விற்ற பொருளைத் தன் காசில் மாற்றிக்கொடுத்தவள் இவள், வேலை பார்த்தால் இப்படிப் பார்க்க வேண்டும் என்று புகழ்ந்தார். புதுக் கிளையும் அவளுக்குத்தான் என்றார். கை தட்டினார்கள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பாள். கிளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற மனிதர், அன்று கேலி பேசவில்லை.

"திரை மாட்டினதுக்கு அப்புறம் அந்தம்மாவைப் போய்ப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் போகவில்லை. அந்தத் தெருப் பக்கம் அளவெடுக்கப் போக வேண்டியிருந்தால் இன்றைக்கும் வேறு ஆளைத்தான் அனுப்புகிறாள்.