பத்து நொடி, முப்பது நொடி

இட ஒதுக்கீட்டு மறியல் நடந்த வருஷம். கல்வராயன் மலை இ-சேவை மையத்து ரவுட்டர் இடி விழுந்து போய்விட்டது. வேறு கம்பெனி ரவுட்டரைக் கொடுத்து என்னை அனுப்பினார்கள். நான் எட்டாவது வரைதான். கேபிள் இழுத்து இழுத்துக் கற்றுக்கொண்ட வேலை.

பழைய ரவுட்டரில் இருந்ததை எழுதிவைத்த தாள் கையில் இருந்தது. வரி வரியாக அடித்தேன். விளக்கு எரிந்தது. ஆனால் இதுவும் கீழே கள்ளக்குறிச்சியில் இருக்கும் ரவுட்டரும் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால்தான் மனு கீழே போய்ச் சேரும்.

ஒரு அம்மா காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மகளுக்குக் கல்லூரியில் இடம். சாதிச் சான்றுக்கு மனு போட்ட ரசீதையாவது மறுநாள் காலையில் அங்கே காட்ட வேண்டும். இல்லையென்றால் இடம் போய்விடும்.

மையத்துக் கம்ப்யூட்டரில் மனு ஏற்றும் பெண் சிரித்தாள். "இன்னாண்ணே, ரோட்லதான் மறியல்னா ஒங்க பொட்டிக்குள்ளயுமா?"

மறியலில் கள்ளக்குறிச்சி என்ஜினீயரால் மேலே வர முடியவில்லை. போனில்தான். சிக்னல் தண்ணீர்த் தொட்டிமேல் மட்டும். ஏறிக் கேட்டு, இறங்கி அடித்து, மறுபடி ஏறி. ஏழெட்டுத் தடவை.

"தாள்ல இருக்கிற மாதிரியேதான் இருக்குதுங்க சார்."

"அப்ப ஒங்க பொட்டிதாங்க கோளாறு. எங்களுது ஓடிக்கினுதான இருக்குது?"

தொட்டி நிழலில் உட்கார்ந்துவிட்டேன். தாளில் இருப்பது சரி. தாளில் இல்லாதது? கம்பெனிக்காரன் உள்ளேயே வைத்து அனுப்பும் அளவுகளை யாரும் எழுதிவைப்பதில்லை. மறுபடி ஏறினேன்.

"சார், ஒங்க ரவுட்டரு எத்தினி செகண்டுக்கு ஒருக்கா எங்களுதக் கூப்புடுது?"

"பத்து. எல்லாத்துலயும் அதான?"

இறங்கிப் பார்த்தேன். என்னுடையதில் முப்பது. இந்த அளவு ஒத்துப்போகாவிட்டால் ஒன்றை ஒன்று சேர்த்துக்கொள்ளாது. பத்தாக்கினேன். ஒரு நிமிஷத்தில் சேர்ந்துகொண்டன.

ரசீது வந்தபோது மணி நாலரை. பஸ் இல்லை. அந்தம்மாவை என் வண்டியில் ஏறச் சொன்னேன்.

அடிவாரம் தாண்டி ரோட்டில் மறியல்காரர்கள் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"வண்டி வுட மாட்டோம். திருப்பு."

"நானு நடந்து போறம்பா" என்றார் அந்தம்மா.

அவரை மட்டும் விட்டார்கள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரத்தைத் தாண்டினார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் வண்டியைத் திருப்பினேன்.

இடம் கிடைத்ததா, தெரியாது. அவர் நம்பரை வாங்கி வைக்க அன்றைக்குத் தோன்றவில்லை.