பதிலை விட்டுவிட்டு எடுத்த பாட்டு

எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறு வெள்ளிக்கிழமை, எங்கள் வாசகர் வட்டத்தின் சிறுகதைத் தொகுப்பு ராஜபாளையத்து அச்சகத்துக்குப் போயிருந்தது. பிழை பார்த்து, அச்சிடலாம் என்று கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

அன்று மாலை எதிர்வீட்டு அக்கா வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கையில் ஒரு பத்திரிகை.

“தம்பி, இந்தக் கதை உங்க புக்குலயும் வருதாமே?”

வருகிறது என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் எழுதிய கதை. அதற்கு முந்தைய தை மாதம் அக்காவின் மகன் கல்யாணத்துக்கு அவரும் வந்திருந்தார். அவர்கள் வழக்கப்படி, சம்பந்தி விருந்தில் பெண்வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளையின் அம்மாவைப் பெயர் சொல்லிக் கேலி பாடுவார்கள். லட்டை முந்தானையில் முடிந்தாள், அப்பளத்தை மடியில் ஒளித்தாள் என்று போகும். உடனே மாப்பிள்ளை வீட்டார் பதில் பாட்டுப் பாடி அவர்களை வாரிவிடுவார்கள். பதில் வரும்வரை யாரும் இலையை மடிப்பதில்லை. அன்று அக்காவின் தங்கை பாடிய பதிலில் பந்தலே சிரித்தது.

நண்பர் முதல் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். அது உண்மையிலேயே நடந்ததாக வைத்து, பந்தியில் லட்டுத் திருடும் ஒரு பேராசைக்காரியை எழுதியிருந்தார். பாட்டிலிருந்த அக்காவின் பெயரும் அப்படியே இருந்தது.

“எம் பொண்ணு சின்னவளுக்குக் கல்யாணம் பேசி முடிக்கிற நேரம் தம்பி. மாப்பிள்ளையோட சித்தப்பா இதைப் படிச்சிட்டு, ‘அந்தம்மாதானா இது’ன்னு கேட்டு விட்டுருக்காக. சிரிச்சிக்கிட்டுத்தான் கேட்டாகளாம். எனக்குச் சிரிப்பு வரலை. பத்திரிகை பழைய பேப்பர் கடைக்குப் போயிரும். புக்கு போகுமா?”

மறுநாள் நண்பரை அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன். காப்பி கொடுத்துவிட்டு அக்கா கேட்டார்: “கேலி பண்ணட்டும்னுதான் பந்தியில உக்காந்தேன். பாட்டை எடுத்த சாரு, எங்க பதிலை எங்க விட்டீக?”

“கதைக்கு அது தேவைப்படலைம்மா.”

“என் பேரு மட்டும் தேவைப்பட்டுச்சாக்கும்?”

தெருவுக்கு வந்ததும் நண்பர் என்மேல் பாய்ந்தார். “அடுத்தவங்க வாழ்க்கையை எழுதக்கூடாதுன்னா, நான் எங்க தெருவையே சுத்திச் சுத்தி எழுதணுமா? நீ மட்டும் ரஷ்யக் கதையா வாங்கி அடுக்குற!”

நியாயமான கேள்விதான். அடுத்தவர் வாழ்க்கையை எழுதக்கூடாது என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். எழுதாவிட்டால் கதையே கிடையாது. ஆனால் அந்தப் பந்தலில் கேலிக்கு ஆளானவளுக்குப் பதிலுக்குப் பாட உரிமை உண்டு. அந்த உரிமையோடு சேர்ந்ததுதான் அந்தப் பாட்டு. அச்சில் அவளுக்கு அது கிடையாது. பெயரை மாற்று, பதிலையும் சேர், அக்காவிடம் படித்துக் காட்டு என்றேன்.

“மாத்தினா கதை செத்துரும்.”

“அப்போ என் கையெழுத்து கிடையாது.”

“வட்டத்தைக் கேக்காம முடிவு பண்ண நீ யாரு?”

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வட்டத்தையும் கேட்டேன். பாதிப் பேர் என்னைத் தணிக்கை அதிகாரி என்றார்கள். அப்படியானால் வேறு ஒருவர் கையெழுத்துப் போடலாம், பொறுப்பை இப்போதே தருகிறேன் என்றேன். ஒருவரும் வாங்க முன்வரவில்லை. நண்பர் கதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு எழுந்து போனார். இன்னும் இருவர் கூடவே போனார்கள். சின்னவள் கல்யாணம் பங்குனியில் பேசிய அதே மாப்பிள்ளையோடு நடந்தது. கதை வந்திருந்தாலும் நடந்திருக்கும் என்று நண்பர் பிறகு சொல்லித் திரிந்தாராம். இருக்கலாம். அதைக் கணக்குப் பார்த்து நான் கையெழுத்தை மறுக்கவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் காலை மில்லுக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அச்சகம் போனேன். அந்தக் கதையின் பக்கங்களை ஏற்கெனவே ஈய எழுத்துகளில் கோத்து, சிதறாமல் நூல் கட்டி வைத்திருந்தார்கள்.

“நல்ல கதை சார். படிச்சுக்கிட்டே கோத்தேன்” என்றார் அச்சுக் கோப்பவர்.

“நல்ல கதைதான். பிரிச்சிருங்க.”

“நீங்க போங்க சார், நான் பொறவு பிரிச்சுக்கிடுதேன்.”

“இருக்கேன்.”

அவர் நூலை அவிழ்த்தார். அக்காவின் பெயர் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அந்த ஈய எழுத்துகள் ஒவ்வொன்றாய் எழுத்துப் பெட்டியில் அதனதன் கட்டத்தில் விழுந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.