கொப்புளம் இல்லாத கை

அறுபதுகளில் தென்காசித் தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே நான் டீக்கடை வைத்திருந்தேன். அங்கிருந்த தீயணைப்புக்காரர் ஒருவர், பஞ்சுக் கிட்டங்கியோ வைக்கோல் படப்போ, எந்தத் தீயை அணைத்தாலும் கரிபிடித்த முகத்தோடு நேரே கடைக்குத்தான் வருவார். சட்டைக்கையை மடித்து இரண்டு கைகளையும் நீட்டுவார்.

"பாத்தீரா அண்ணாச்சி? ஒரு கொப்புளம் கிடையாது."

சிரிப்பு இருமலில் முடியும். துப்பினால் கறுப்பாக விழும்.

பிறகு தொண்டையில் புற்று வந்தது. புகையால் வந்தது என்று நஷ்டஈடு கேட்டு மனு போட்டார். குரல் போய்க்கொண்டிருந்ததால் திருநெல்வேலி விசாரணைக்குத் துணையாக நான் போனேன்.

"வேலையில எங்கவே காயம் பட்டுது?" என்றார் அதிகாரி.

நான் வாயைத் திறக்குமுன் தீயணைப்புக்காரர் சட்டைக்கையை மடித்துவிட்டார். காற்றாக வந்தது குரல்.

"இத்தன வருசத்துல ஒரு கொப்புளம் கிடையாதுங்கய்யா."

"ஐயா, அவரு உள்ள இழுத்த புகை..." என்று இழுத்தேன்.

"கண்ணுக்குத் தெரியுத காயத்துக்குத்தான்வே நஷ்டஈடு." பேனாவை மூடிவிட்டார்.

பஸ் தென்காசியை நெருங்கும்போது குற்றாலச் சாரல் உள்ளே அடித்தது. அவர் மடித்த சட்டைக்கையை இறக்கவேயில்லை.

"ஒரு தடவயாவது தீ சுட்டிருக்கலாம் அண்ணாச்சி" என்றார்.

காலையில் பாய்லர் ஆவி பட்டு என் கையில் எழும்பியிருந்த கொப்புளத்தை நான் துண்டால் மூடிக்கொண்டேன்.