ஆயுத பூஜைக்குத் துடைத்த லூட்

வச்சிரம் காய்ச்சும் வாடை உங்களில் யாருக்காவது தெரியுமா?

மாட்டுத் தோலிலிருந்து எடுக்கிற பசை அது. ஊறவைத்து, சின்ன டப்பாவில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி உருக்க வேண்டும். கல்யாணமாகித் திண்டிவனம் வந்த முதல் வருஷம் முழுக்க எங்கள் வீட்டுப் பின்பக்கம் அந்த வாடைதான். என் குழம்பு கொதிக்கிற வாசம் எனக்கே தெரியாது.

என் வீட்டுக்காரர் சேகருக்கு மோட்டார் காயில் கட்டுகிற வேலை. புதுச்சேரியில் ஒரு வீட்டுக்கு பம்ப் மோட்டார் ரிப்பேருக்குப் போனவர், சுவரில் மாட்டியிருந்த ஒரு வாத்தியத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பேர் லூட்டாம். ஐரோப்பாக்காரர்கள் பழைய காலத்தில் வாசித்ததாம். பாதியாக அறுத்த பப்பாளி மாதிரி வயிறு, குட்டைக் கழுத்து, பின்பக்கம் மடங்கிய தலை.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்...

அந்த வீட்டம்மா க்ளேர், பிரான்ஸ்காரர். பிள்ளைகளுக்கு மியூசிக் சொல்லிக் கொடுப்பவர். அளவெடுக்கக் கேட்டதும் வாத்தியத்தையே கையில் கொடுத்துவிட்டார். கூடவே அவர் ஊர்ப் பலகை ஒன்றும். மேல்மூடிக்கு அந்த மரம்தான் வேண்டுமாம், இங்கே கிடைக்காதாம்.

பின்னால் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்தான் பட்டறை. பலா மரத்தை மெல்லிசாகச் சீவி, பழைய சைலன்சருக்குள் கரியைப் போட்டுச் சூடேற்றி, அதன் மேல் ஒவ்வொரு பட்டையாக வளைத்தார். ஏழு உடைந்தது. எட்டாவது வளைந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "அரிசி முறம் பின்னுறவங்க இதைவிட நல்லா வளைப்பாங்க" என்றேன். அப்போதெல்லாம் என் வாய் அப்படி. இப்போதும்தான்.

கழுத்தில், வீணையில் இருப்பது போல மெட்டு கட்ட, மரக்காணம் போய்த் தூண்டில் நைலான் வாங்கி வந்தார்.

இப்படியே எட்டு மாதம். அதற்குள் க்ளேர் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்புவதாகச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட். அதற்குள் முடித்துக் கொண்டு வா, வாத்தியம் நன்றாகப் பேசினால் நானே எடுத்துப் போய் என் ஊரில் வாசிக்கிறேன் என்று சொல்லியிருந்தார். இவருக்கு வாசிக்கத் தெரியாது. திண்டிவனத்தில் யாருக்கும் தெரியாது. அந்த அம்மா கையில் போனால்தான் அது வாத்தியம். இல்லாவிட்டால் ஷெட்டில் தொங்குகிற மரம்.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. தந்தி மாட்டியாகிவிட்டது, வார்னிஷ் மட்டும் பாக்கி.

எங்கள் அம்மா வீடு ஒலக்கூர் பக்கம், விவசாயக் குடும்பம். ஆயுத பூஜை என்றால் ஏர், மோட்டார், மல்லாட்டைக் கடலை உடைக்கிற மெஷின், தராசு, வண்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்போம். அருவாமனையைக்கூட விடமாட்டோம். அதே கையோடு, இவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஷெட்டையும் சுத்தம் செய்தேன். உளி, இழைப்புளி, வைஸ்... அப்புறம் அதையும். எட்டு மாதம் கிண்டல் பண்ணியாகிவிட்டது, இன்றைக்காவது அதையும் ஒரு தொழில் சாமானாக மதிப்போம் என்றுதான் நினைத்தேன். ஈரத்துணியால் மேலும் கீழும் நன்றாக அழுத்தித் துடைத்தேன். மஞ்சளைக் குழைத்து மூடியின் மேல் மூன்று பொட்டு. நடுவில் குங்குமம்.

வச்சிரம் ஈரத்துக்கு இளகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சாயந்திரம் சாமி கும்பிடும்போதே மூடி ஓரத்தில் ஒரு ஜாண் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே மூடியைத் தாங்குகிற கட்டை ஒன்று விட்டுப்போய் லொடலொடவென்றது.

"ஈரத்துணியாலயா தொடச்ச?"

"எல்லாத்தையுந்தான் தொடச்சேன்."

அவ்வளவுதான் பேச்சு. தந்தியை இறக்கினார். பொரி கடலைத் தட்டு அப்படியே இருந்தது. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பதிலுக்குக் கேட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் காய விட்டு, மறுபடி பசை போட்டு, சைக்கிள் ட்யூபைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். வார்னிஷ் அடிக்க நாளில்லை. மஞ்சளைச் சுரண்டலாமா என்றேன். மூடி மெலிந்துவிடும் என்றார்.

ஞாயிறு காலை புதுச்சேரிக்கு பைக்கில் போனோம். லூட் என் மடியில், போர்வைக்குள். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் என் முதுகுதான் தாங்கியது.

வீடெல்லாம் பெட்டி. க்ளேர் ஒரு பெட்டி மேலேயே உட்கார்ந்து சுருதி சேர்த்து வாசித்தார். என்ன பாட்டென்று தெரியாது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தடித்த தந்தியைத் தொடும்போதெல்லாம் உள்ளே ஈ மாட்டிக்கொண்டது போல ஒரு இரைச்சல். மறுபடி தொட்டார். மறுபடி அதே. அந்தக் கட்டை சரியாகப் பிடிக்கவில்லை.

வாசிப்பதை நிறுத்தி லூட்டை மடியில் சாய்த்துக்கொண்டார். பிறகு பொட்டைத் தடவிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் வெச்சேன் மேடம்" என்றார் இவர். "எங்க ஊர்ல தொழில் சாமானுக்கெல்லாம் பூஜை அன்னிக்கி வெப்போம். ஜல்தில தண்ணி அதிகமாப் பூட்டுச்சி. மத்தபடி நல்லாத்தான் பேசிக்கினு இருந்திச்சி."

க்ளேர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்ததைச் செய், விடாதே என்றார். லூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மடியில் வைத்தே திரும்பக் கொண்டுவந்தேன்.

பதிமூன்று வருஷம் ஆச்சு...

இப்போது ஷெட்டில் ஈரப்பதம் காட்டுகிற மீட்டர் இருக்கிறது, விதவிதமான கிளாம்ப் இருக்கிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் போட்டு லூட் கேட்கிறார்கள். ஒன்று வெளிநாட்டுக்கும் போனது. க்ளேருக்கு இல்லை. அவர் போன் நம்பர் என்றைக்கோ மாறிவிட்டது.

எங்களுக்குள் சண்டைக்குக் குறைவில்லை. போன வாரம்கூட கேப்பைக் கூழ் கட்டி தட்டியதற்கு, கல்யாணத்தில் என் சித்தப்பா பேசினது வரைக்கும் போய் வந்தார். எதையும் மறக்கிற ஆள் கிடையாது.

அந்த ஈரத்துணியை மட்டும் இன்றுவரை ஒரு தடவைகூட சொல்லிக்காட்டவில்லை. ஒருமுறை சொல்லித் தொலைத்திருந்தால், நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.