மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை

நான்கு வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை. சிட்னியில், டூங்கபியிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அலுவலக அறை. அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியை, ஒரு சோமாலியத் தாய், நான். மேசைமேல் இருந்த தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரின் குரல். யாரைப் பற்றிப் பேசக் கூடினோமோ, அந்த மகள் மட்டும் வரவில்லை. எவ்வளவு கூப்பிட்டும் தன் அறைக் கதவைத் திறக்கவில்லை என்று தாய் சொன்னதை அந்தக் குரல் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னது.

நான் ஏன் அங்கே இருந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். சனிக்கிழமைகளில் எங்கள் பகுதி மண்டபம் ஒன்றில் பிள்ளைகளுக்கு இலவசமாக வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்போம். வகுப்பை நடத்தும் பொறுப்பு என்னுடையது. தமிழ்ப் பிள்ளைகள், ஆப்கான் பிள்ளைகள், சோமாலியப் பிள்ளைகள் என்று முப்பது பேர் வருவார்கள். அந்தப் பெண்ணும் முதலில் கணிதம் படிக்கத்தான் வந்தாள். ஒரு மாதத்துக்குள் சின்னவர்களின் மேசையில் அவளே ஆசிரியையாகிவிட்டாள். அவளுக்குப் பதினேழு வயது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வாண்டுகள் அவளை 'மிஸ்' என்றார்கள்.

பின்னம் விளங்காத பிள்ளைகளுக்காக ஒருநாள் வீட்டிலிருந்து அவர்களுடைய அஞ்சேரோவைக் கொண்டுவந்தாள். புளித்த மாவில் சுடுவது, பார்க்க எங்கள் தோசை மாதிரியே இருக்கும். அரை, கால், அரைக்கால் என்று கிழித்துக் காட்டினாள். "மிஸ், இது எங்கட தோசை. நீங்க களவெடுத்துப்போட்டீங்க" என்றான் ஒரு தமிழ்ப் பொடியன். அப்படியென்றால் உனக்குக் கால் பங்குகூட இல்லை என்று அவனுடையதைப் பிடுங்கித் தானே தின்றாள். அன்று முழுக்க அந்த மேசையில் ஒரே சிரிப்பு. தாதியாக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். அவர்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அதை வாங்கியதில்லை.

எங்கள் வீட்டிலும் எனக்கு முன் அப்படித்தான். அப்பா மன்னார்க் கரையில் கடலுக்குப் போனவர். இங்கே வந்து துப்புரவு வேலை. அம்மா பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர். ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசிப்பேன். மின்சாரக் கட்டணம், வாடகைக் கடிதம், என் பள்ளிக்கூட அறிக்கை எல்லாம் நான் வாசித்து, நான் விளக்கி, அப்பாவின் பெயரில் நானே கையெழுத்தும் வைப்பேன். அதை யாரும் பிழையென்று நினைத்ததில்லை. குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது போல அதுவும் ஒரு வீட்டு வேலை. படிவங்களில் 'மொழிபெயர்ப்பாளர் தேவையா' என்று ஒரு கேள்வி இருக்கும். 'இல்லை' என்ற பெட்டியில் அடையாளம் போடும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். நான் இருக்கும்போது அவர்களுக்கு எதற்கு இன்னொருவர்?

அந்த வருடம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் போன பிறகு அவள் ஒரு கடிதத்தை நீட்டினாள். பள்ளியில் ஒரு கணிப்பீட்டு வேலையை ஒப்படைக்கவில்லை, இப்படியே போனால் அந்தப் பாடம் சான்றிதழில் சேராது என்ற எச்சரிக்கை. கீழே பெற்றோர் நிரப்பி அனுப்பும் பகுதி. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, எப்போதும் நான்தான் கையெழுத்துப் போடுவேன், ஆனால் இந்த ஆசிரியைக்கு என் எழுத்துத் தெரியும் என்றாள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தாயின் பெயரைச் சாய்வெழுத்தில் வைத்தேன். 'பிள்ளையுடன் பேசினோம், வீட்டில் கவனிக்கிறோம்' என்று ஒரு வரியும் எழுதினேன். மொழிபெயர்ப்பாளர் தேவையா? கை தானாகவே 'இல்லை'யில் அடையாளம் போட்டது.

ஜூனில் இரண்டாவது கடிதம், ஜூலையில் இன்னொரு பாடத்துக்கு மூன்றாவது. அவற்றையும் அப்படியே நிரப்பிக் கொடுத்தேன்.

கெட்டிக்காரி, எப்படியும் எழுதிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன் என்று இங்கே எழுதலாம். அது பாதி உண்மைதான். தாய்க்குத் தெரிந்தால் சனிக்கிழமை வகுப்புக்கு விடமாட்டார், அவள் வராவிட்டால் சின்னவர்களின் மேசையை யார் பார்ப்பது என்ற பயம் எனக்கு இருந்தது. அதுதான் மற்றப் பாதி.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். அந்த இரண்டு பாடங்களும் சான்றிதழில் சேராது என்று முடிவு எடுத்துவிட்டுப் பள்ளி தாயையே தொலைபேசியில் அழைத்திருந்தது; அவருக்கு ஆங்கிலம் வராது என்று அப்போதுதான் தெரிந்து மொழிபெயர்ப்பாளரையும் ஒழுங்கு செய்திருந்தது. மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெரிய ஆசிரியர் என்று நம்பி, அவர் என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். ஆசிரியை மூன்று தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு முறையும் உங்களுக்கு அறிவித்தோமே என்றார். தாய் குனிந்து பார்த்தார். விரலால் அந்தக் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சோமாலி மொழியில் கொஞ்ச நேரம் பேசினார். தொலைபேசிக் குரல் நிதானமாக அதைச் சொன்னது. இவருக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாதாம், வட்டம் ஒன்று மட்டும்தான் போடுவாராம், இது எவருடையது என்று கேட்கிறார்.

"நான் வைச்சது" என்றேன். அதையும் அந்தக் குரல் மொழிபெயர்த்தது.

தாய் என்னைத் திட்டவில்லை. ஆசிரியையைப் பார்த்து, மகள் ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொன்னார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டும். மகள்தான் கூட்டிப்போவாள். தம்பி தங்கைகள் நால்வரையும் அவள்தான் பார்ப்பாள். பள்ளி அதற்கு அனுமதி கொடுத்திருப்பதாகத் தாயிடம் சொல்லியிருந்தாள்.

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். வீட்டு நிலைமை தெரிந்திருந்தால் அந்தந்த நேரத்திலேயே கால அவகாசம் கொடுத்திருப்போம், அதற்கென்றே ஒரு விண்ணப்பம் இருக்கிறது, மே மாதத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து உங்களோடு பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும் என்றார். அதையும் தொலைபேசிக் குரல் தாய்க்குச் சொன்னது.

மேன்முறையீடு செய்தோம். நான் செய்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பாடங்களில் ஒன்றைத் திருப்பித் தந்தார்கள். சான்றிதழுக்கு அந்த ஒன்று போதவில்லை. வகுப்புப் பொறுப்பிலிருந்து நானும் விலகினேன். அதற்கு முன் ஒரேயொரு சனிக்கிழமை அவள் வந்தாள், சின்னவர்களிடம் சொல்லிவிட்டுப் போக. வாசலில் வைத்து என்னிடம் பேசினாள். ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். அம்மாவுக்கு இப்படி நோயென்று தெரிந்தால் அரசாங்க ஆட்கள் வந்து தம்பி தங்கைகளைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்தாளாம். பிறகு சொன்னாள்:

"அண்டைக்கு நீங்க என்னை ஏசியிருக்கலாம். ஏனெண்டாவது கேட்டிருக்கலாம். கேப்பீங்கள் எண்டுதான் உங்களிட்டக் கொண்டுவந்தன் எண்டு இப்ப நினைக்கிறன்."

அன்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். அப்பா வேலை உடுப்போடு குசினிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் கேட்டார்:

"இவ்வளவு காலமும் நீ எனக்கு வாசிச்சுச் சொன்னதெல்லாம் சரியானதுதானே தம்பி?"

"ஓம் அப்பா" என்றேன். அதிலும் எல்லாம் சரியில்லை. நான் மாற்றி வாசித்த எட்டாம் வகுப்பு அறிக்கை ஒன்று என் நினைவுக்கு வந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்று எழுந்து கைகழுவப் போனார். அதன்பிறகு வந்த கடிதங்களில் சிலவற்றை அவர் வெஸ்ட்மீட்டில் கூட வேலை செய்பவர் ஒருவரிடம் கொண்டுபோனார். நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் பகலில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்துகொண்டு, மாலை வகுப்பில் முதலிலிருந்து படித்தாள். சென்ற வருடம் ஜூனில்தான் தாதிப் படிப்பில் இடம் கிடைத்தது. தாய் அதைப் பார்க்கவில்லை. அவர் இறந்து எட்டு மாதமாகியிருந்தது. கடைசிக் காலத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும், மகள் பக்கத்தில் இருக்கும்போதே, அவர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கினார் என்று அவளே எனக்குச் சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் அழவில்லை.

பிறருக்கு உதவுகிறேன் என்று பேனாவை எடுக்கும் ஒவ்வொரு முறையும் இப்போது என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஏனென்றால் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்காக அந்த வீடு கொடுத்தது மகளின் இரண்டு வருடமும் நான்கு மாதமும், தன் பிள்ளையின் வாய்ச்சொல்லை நம்ப முடியாமலே முடிந்துபோன ஒரு தாயின் மிச்சக் காலமும்.