மிளகு ஏணி

உலகம் சுற்றக் கிளம்பிய பெண்களைப் பற்றிய நாடகம். நடிப்பவர்கள் எல்லாரும் எங்கள் மலையிலுள்ள வளப்பூர் நாட்டுப் பெண்கள். எனக்கு மலையேறுகிறவள் வேடம். மிளகு பறிக்கிற மூங்கில் ஏணியில் சாம்பல் துணியைச் சுற்றி, அதையே சிகரமாக்கியிருந்தோம். பாதி ஏறியதும் காலடியில் மூங்கில் கிறீச்சிட்டது.

முன்பொரு நாள் கேட்ட அதே சத்தம். அப்போது எனக்கு ஏழு வயது. அம்மா மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தாள். ஏணி கிறீச்சிட்டுச் சரிந்தது. அம்மா மரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். நான் கத்த வாயெடுத்தேன். பச்சை மிளகின் காரம் ஏறிய அத்தையின் கை என் வாயைப் பொத்தியது. மரத்தில் இருப்பவர்களை எங்கள் ஊரில் யாரும் கீழிருந்து கூப்பிட மாட்டார்கள்.

"கத்தாத சாமி. கூப்புட்டா உங்கம்மா கீழ பாப்பா. பாத்தா கை நழுவிரும்" என்று காதருகே சொன்னாள் அத்தை.

ஆட்கள் ஓசையில்லாமல் ஏணியை நிமிர்த்தினார்கள். அம்மாவின் கால் துழாவித் துழாவி ஏணியைத் தொடும்வரை என் உதடு எரிந்துகொண்டே இருந்தது.

மேடையில் ஏணி மறுபடியும் கிறீச்சிட்டது. பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் கீழே பார்த்துவிட்டேன். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் அம்மா மட்டும் இரண்டு கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள்.