ஸ்டானிமிரா டீச்சரும் தலையாட்டும் அட்டையும்

ஸ்டானிமிரா குட்செவாவுக்கு ஒரு பழக்கம். கோபம் வந்தால் கத்த மாட்டாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். அந்த இலையுதிர்காலம் முழுக்க அவளுடைய கண்ணாடி பளபளவென்று இருந்தது.

பல்கேரியாவின் ரூசே நகரத்துப் பள்ளி ஒன்றில் அவள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. தலைமையாசிரியை பாஷோவா சோஃபியாவில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தார். மறுநாளே ஆசிரியர்கள் அறையில் எல்லோரையும் கூட்டிவைத்து அறிவித்தார்: "இனிமே தனிக் கவனம் வேண்டிய பிள்ளைங்களுக்கு எல்லாரும் ஏஐ வெச்சுத்தான் தயார் பண்ணணும். கேக்குற விதத்துல கேட்டா அது எல்லாத்தையும் குடுக்கும்."

"உதவிக்கு ஒரு ஆளைக் குடுக்குமா மேடம்?" என்றாள் ஸ்டானிமிரா.

"ஆரம்பிச்சிட்டீங்களா? உங்களுக்கு எதுலயும் ஒரு குத்தல்!"

அவள் குத்தலுக்காக மட்டும் கேட்கவில்லை. அவள் வகுப்பில் சோர்னிட்சா என்றொரு சிறுமி இருந்தாள். ஆட்டிசம் உள்ள பிள்ளை. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வாள். அன்றைய வேலைகளின் வரிசை சொல்லாமல் மாறிவிட்டால் மேசைக்கு அடியில் போய்விடுவாள். இரைச்சல் அதிகமானால் பேச்சே வராது. சிறப்பாசிரியை ஒருத்தி உண்டுதான். ஆனால் அவளை நான்கைந்து பள்ளிகள் பங்குபோட்டுக்கொண்டதில், அவள் இங்கே வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் கிளம்பும் நேரம் வந்துவிடும்.

வேறு வழியில்லாமல் ஸ்டானிமிரா கணினி முன் உட்கார்ந்தாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வகுப்பில் எப்படி உதவுவது என்று கேட்டாள். அது பக்கம் பக்கமாகக் கொட்டியது. அமைதியான தனி அறை ஒன்றை ஒதுக்குங்கள் என்றது. காலியாக இருந்த ஒரே அறையில் உடைந்த பூகோள உருண்டைகளும் யாரோ விட்டுப்போன பனிச்சறுக்குக் கட்டைகளும் கிடந்தன. ஒவ்வொரு குழந்தையோடும் போதிய நேரம் செலவிடுங்கள் என்றது. "செலவிடுறேன், நீ வந்து மத்த பிள்ளைங்களைப் பாத்துக்கோ," என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் வரும் என்பது கொஞ்ச நாளில் பிடிபட்டது. "எட்டு வயதுப் பெண். திங்கட்கிழமைப் பாடங்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு சின்ன வாக்கியம். புகழுரை வேண்டாம்" என்று கேட்டபோது நல்ல அட்டைகள் கிடைத்தன. சோர்னிட்சா அவற்றை மேசை ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டாள். முடிந்த பாடத்தின் அட்டையைக் கவிழ்த்துவைப்பாள். அந்த வாரம் மேசைக்கு அடியில் போகவே இல்லை. ஸ்டானிமிராவுக்கு அந்த இயந்திரத்தின் மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

உணவுக்கூடத்தில் கூச்சல் காதைப் பிளக்கும். அங்கே சோர்னிட்சா வாயே திறப்பதில்லை. பேசாமலே வேண்டும், வேண்டாம் என்று சொல்ல ஓர் அட்டை செய்துகொடு என்று கேட்டாள் ஸ்டானிமிரா. இரண்டு படங்கள் வந்தன. பெற்றோர் கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட அவசரம். பார்த்தும் பார்க்காமலும் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து சோர்னிட்சாவின் தாய் ரலிட்சா வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், என் பொண்ணு வீட்டுக்கு வந்ததும் ரொட்டிக் கூடையில விழுந்து பிடுங்குறா. இங்க சாப்பாடு போடுறீங்களா, இல்ல வேடிக்கை காட்டுறீங்களா?"

ஸ்டானிமிரா நேராகச் சமையல்காரி சோன்காவிடம் போனாள். சோன்கா கரண்டியை இடுப்பில் ஊன்றினாள்.

"நான் என்ன பண்ணட்டும்? பீன்ஸ் சூப் வேணுமான்னு கேட்டா வேணாங்குது. இறைச்சி உருண்டை வேணுமான்னா அதுவும் வேணாங்குது. நேத்து ஈரலும் சோறும். அதை மட்டும் வேணும் வேணும்னு தலையாட்டுச்சு. அள்ளி வெச்சேன். தட்டோட தூக்கி என் மேலயே வீசிடுச்சு! இந்த ஏப்ரனைப் பாருங்க, கறை போகல."

"அக்கா, அவ எப்படித் தலையாட்டினா? காட்டுங்க."

சோன்கா தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினாள். எங்கள் ஊரில் அதற்கு ஆமாம் என்றுதான் பொருள். தலையை மேலும் கீழும் அசைத்தால் வேண்டாம். பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சோர்னிட்சா மட்டும் மற்றவர்கள் தலையைக் கவனித்தவள் இல்லை.

ஸ்டானிமிரா ஓடிப்போய் அட்டையை எடுத்துப் பார்த்தாள். முதல் படத்தில் பெண்ணின் தலையருகே மேலும் கீழுமாக அம்புக்குறி. பக்கத்தில் பச்சை நிறத்தில் "வேண்டும்". இரண்டாவதில் இட வலமாக அம்புக்குறி, சிவப்பில் "வேண்டாம்". சோர்னிட்சா அதை அப்படியே செய்திருக்கிறாள். உலகம் முழுக்க அப்படித்தானாம். ரூசேயைத் தவிர.

இயந்திரத்திடம் கடுகடுவென்று தட்டினாள்: "இது பல்கேரியா. இங்கே தலையாட்டுவது நேரெதிர்." உடனே பதில் வந்தது: அருமையான கவனிப்பு, சுட்டிக்காட்டியதற்கு மிக்க நன்றி! ஒரு பிள்ளை இரண்டு வாரம் பட்டினி கிடந்திருக்கிறது, இதற்கு அருமையாம். ஆனாலும் பார்க்காமல் கொடுத்தது யார்? அந்தக் கேள்விக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை.

மறுநாள் திருத்திய அட்டையை நீட்டினாள். சோர்னிட்சா அதைத் தொடவில்லை.

"இது தப்பு. அட்டை வேற மாதிரி சொல்லிச்சு."

"அந்த அட்டைதான்மா தப்பு. என் தப்பு. மன்னிச்சுக்கோ."

"அப்போ இதுவும் நாளைக்குத் தப்புன்னு சொல்வீங்க."

ஸ்டானிமிரா வார இறுதி முழுக்க இயந்திரத்திடம் கேட்டுக்கேட்டுப் பார்த்தாள். பழைய பழக்கத்தை மாற்றும் படக்கதை, பரிசு நட்சத்திரம், பாட்டு என்று அது அள்ளியள்ளிக் கொடுத்தது. எல்லாம் சோர்னிட்சாவை மாற்றும் வழிகள். திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் அலுத்துப்போய்ச் சிறுமியையே பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலடி கண்ணு. நீயே சொல்லு, நான் எழுதுறேன்."

சோர்னிட்சா திரையைப் பார்த்தபடி சொன்னாள்: "தலையே ஆட்ட வேணாம். நான் தட்டை நீட்டினா போடணும். நீட்டலைன்னா போடக் கூடாது. கேள்வி கேக்கக் கூடாது."

"இது உனக்கு அட்டை இல்லையே, சோன்கா அக்காவுக்குல்ல?"

"ஆமா. அவங்களுக்குத்தான் தெரியல."

ஸ்டானிமிரா அப்படியே தட்டினாள்: சமையல்காரி ஒருவருக்கு, தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி, இரண்டு வரி, தலை எதுவும் வரையக் கூடாது. கிடைத்ததைக் கண்ணை நட்டுப் படித்தாள். சோர்னிட்சாவும் படித்தாள். அதன் பிறகே அச்செடுத்தாள்.

"இந்த வயசுல எனக்குப் பாடமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே சோன்கா அதைச் சூப் அண்டாவுக்கு மேலே ஒட்டினாள். அன்று தயிர் சூப். தட்டு நீண்டது, சோன்கா ஊற்றினாள். மறுபடி நீண்டது, மறுபடி ஊற்றினாள். மற்ற பிள்ளைகளும் பேசாமல் தட்டை நீட்டத் தொடங்க, வரிசை சட்டென்று நகர்ந்தது.

பாஷோவாவுக்குச் செய்தி போயிற்று. "மாவட்டக் கூட்டத்துல நீங்கதான் பேசணும். ஆனா ரெண்டு வரிதானே இருக்கு? கொஞ்சம் நீளமா, பெருசா ஏதாவது…"

"மேடம், ரெண்டு வரிங்குறதாலதான் அது வேலை செய்யுது," என்று சொல்லிவிட்டு ஸ்டானிமிரா வகுப்புக்கு நடந்தாள்.

வகுப்பில் சோர்னிட்சா அவளுக்காகக் காத்திருந்தாள்.

"டீச்சர், உங்களுக்கும் ஒரு அட்டை வேணும்."

"எனக்கா? நான் என்னடி பண்ணினேன்?"

"நீங்க 'ஒரு நிமிஷம்'னு சொல்றீங்க. அது ஒரு நிமிஷமே இல்ல. நான் கடிகாரத்தைப் பாக்குறேன்."

ஸ்டானிமிராவின் கை கண்ணாடிக்குப் போயிற்று. பிறகு பெருமூச்சு விட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. என்ன எழுதணும், சொல்லு."